பேய்க்கு மலையகத் தமிழ்: வெளிநாட்டுப் படத்துக்கு வேறு வசனம் போட்டுச் சிரிக்க வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் ஒரு போனும் பழைய லெப்டொப்பும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நான்கு வரி போதும். சிலவற்றுக்குப் போதாது.

வழக்கமான டப்பிங்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டப்பிங்கில் மொழி மாறும், கதை மாறாது. இங்கே படம் அப்படியே இருக்க, கதை மாறிவிடும். துப்பாக்கியோடு நிற்பவன் தேத்தண்ணிக்குச் சீனி கேட்டுச் சண்டை போடுவான். அவன் முகமோ ஒரிஜினல் படத்தில் இருந்த கோபத்திலேயே இருக்கும். சிரிப்பு வருவது அந்த முகத்தால்தான். ஆகவே குரல் கொடுப்பவர் சிரிக்கக்கூடாது. "இது ஜோக்" என்று குரலில் தெரிந்த நொடியில் ஜோக் செத்துவிடும்.

கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ராஜா தன் பாட்டுக்கு ராஜாவாக நிற்பார், பக்கத்தில் நிற்கும் கட்டியக்காரன் கதையைக் கவிழ்த்துக்கொண்டிருப்பான். இந்த வகைப் படத்தில் கட்டியக்காரன் ராஜாவின் வாய்க்குள்ளேயே புகுந்துவிடுகிறான், அவ்வளவுதான்.

இதற்கு முன் யார் செய்திருக்கிறார்கள்?

பலர். 1966இல் அமெரிக்க இயக்குநர் வூடி அலன் ஒரு ஜப்பானிய உளவாளிப் படத்தை எடுத்து, முட்டை சாலட் செய்முறையைத் தேடும் கதையாக்கினார். 'வாட்ஸ் அப், டைகர் லில்லி?' என்ற அந்தப் படம் ஒரு மணி நேரத்துக்கென்று திட்டமிடப்பட்டது. தயாரிப்பாளர் தரப்பு ஒரு பாட்டுக் குழுவின் காட்சிகளைச் செருகி அதை முழுநீளப் படமாக இழுத்தது. பார்த்தால் இழுத்த இடம் தெரியும்.

1973இல் பிரான்சில் ரெனே வியேனே ஒரு ஹொங்கொங் சண்டைப் படத்துக்கு அரசியல் தத்துவ வசனம் போட்டார். உதை வாங்குகிறவனும் கொடுக்கிறவனும் வர்க்கப் போராட்டம் பற்றி விவாதிப்பார்கள். 1993இல் மிஷேல் அசனவிசியூஸும் டொமினிக் மெசெரெட்டும் வோர்னர் நிறுவனத்தின் பழைய படங்கள் பலவற்றிலிருந்து துண்டுகளை வெட்டி ஒரே கதையாகத் தைத்தார்கள். பிரெஞ்சு டப்பிங்கில் அந்த நடிகர்களுக்கு வழக்கமாகக் குரல் கொடுத்தவர்களையே கூட்டிவந்து உளறலைப் பேச வைத்ததுதான் அதன் பலம். 2002இல் வந்த 'குங் பௌ' படத்தில் ஸ்டீவ் ஓடெகெர்க் 1970களின் சண்டைப் படம் ஒன்றுக்குள் தன்னையே கணினியில் ஒட்டிக்கொண்டார்.

நம் நாட்டிலேயே கற்றுக்கொள்ள வேண்டியவர் டைட்டஸ் தொட்டவத்த. 1982இல் தொடங்கிய ரூபவாஹினித் தொலைக்காட்சியில் கார்ட்டூன்களைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தவர். டொக்டர் டூலிட்டில் அவர் கையில் 'தொஸ்தர ஹொந்தஹித' ஆனது. பெயரையும் பழமொழியையும் வசவையும் உள்ளூர் மண்ணுக்கு மாற்றினார். அவர் செய்தது கேலி டப்பிங் இல்லை. ஆனால் வெளிநாட்டு வாய்க்குள் உள்ளூர்ப் பேச்சை உட்கார வைக்கும் வித்தை அதேதான்.

எந்தப் படத்தை எடுக்கலாம்? வழக்கு வருமா?

இலங்கையில் இதைத் தீர்மானிப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு படத்தை மாற்றியமைக்கும் உரிமை அதன் உரிமையாளருக்குத்தான். விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கு நியாயமான பயன்பாடு என்று விலக்கு உண்டு. கேலி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. "நாங்கள் பகிடிக்குத்தான் செய்தோம்" என்பது தானாகவே காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். படைத்தவரின் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் தார்மீக உரிமையும் சட்டத்தில் தனியாக இருக்கிறது.

நிம்மதியான வழி, உரிமைக்காலம் முடிந்த படத்தை எடுப்பது. இங்கே திரைப்படம் போன்ற ஒலி–ஒளிப் படைப்புகளுக்கு வெளியான நாளிலிருந்து 70 ஆண்டுகள் காப்பு. அமெரிக்காவில் கணக்கு வேறு. 95 ஆண்டு கடந்தவை அங்கே பொதுச்சொத்து. உரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதாலோ உரிமைக் குறிப்புப் போடாததாலோ முன்பே பொதுச்சொத்தான படங்களும் உண்டு. 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' (1968) அப்படித்தான் கைவிட்டுப் போனது. ஆனால் அங்கே உரிமை போனது என்பதால் இங்கேயும் போய்விட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு கணக்கிலும் தேறுகிற படத்தைத் தேடுங்கள். 'வைட் ஸொம்பி' (1932), 'டீட்டூர்' (1945), 1920களின் ஊமைப் படங்கள் என்று நிறையக் கிடக்கின்றன.

மூன்று பொறிகள். ஒன்று, பழைய படத்தின் புதிதாகச் சீரமைத்த பிரதிக்கும் புதிதாகச் சேர்த்த இசைக்கும் தனி உரிமை கோரப்படலாம். இரண்டு, ஜப்பான், ஹொங்கொங் படங்கள் "பழசுதானே" என்று தோன்றும். அவற்றில் பலவற்றுக்கு உரிமையாளர்கள் இன்றும் விழித்திருக்கிறார்கள். மூன்று, இணையக் காப்பகத்தில் யாரோ ஏற்றிவைத்திருப்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. ஏற்றியவரும் உங்களைப் போல ஒருவர்தான்.

ஆரம்பிக்க ஊமைப் படம் நல்லதா, பேசும் படமா?

ஊமைப் படம். பழைய குரலை நீக்கும் தலைவலி கிடையாது. நடிகர்கள் கையாலும் கண்ணாலும் பேசுவதால் வசனம் எந்தப் பக்கம் இழுத்தாலும் வரும்.

ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் நொடிக்கு 16 முதல் 20 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) வரை எடுத்ததை 24இல் ஓட்டிய பிரதிகளில் எல்லாரும் ஓட்டமும் நடையுமாக இருப்பார்கள். வேகத்தை 75–80 விழுக்காடாகக் குறைத்துப் பாருங்கள். மனிதர் நடப்பது மனிதர் நடப்பது போலத் தெரிந்தால் அதுதான் சரியான வேகம். வேகத்தைச் சரிசெய்த பிறகே வசனம் எழுதத் தொடங்குங்கள். எழுதிய பின் வேகத்தை மாற்றினால் எழுதியது எல்லாம் வீண்.

கதையை எப்படி எழுதுவது?

ஒலியை அணைத்துவிட்டு மூன்று தரம் பாருங்கள். முதல் தரம் யார் யாரிடம் எதையோ கேட்கிறார், யார் மறுக்கிறார் என்று மட்டும் குறியுங்கள். இரண்டாம் தரம் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: கடிதம், கத்தி, கோப்பை, சாவி. மூன்றாம் தரம் வாய் தெரியாத நொடிகளைக் குறியுங்கள். முதுகு, தூரக் காட்சி, இருட்டு, கையால் மறைத்த முகம். இந்த நொடிகள்தான் உங்கள் கைமுதல். கதையின் முக்கியமான தகவல்களை இங்கே வையுங்கள். வாய் தெளிவாகத் தெரியும் இடத்துக்குச் சின்ன வசனமே போதும்.

பிறகு ஒரே ஒரு சின்ன ஆசையைக் கண்டுபிடியுங்கள். முட்டை சாலட் அப்படிப்பட்ட ஒன்று. படம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ ஆசை அவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும். கூரைத் தகரம், அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்டதைத் திருத்துவது, பிறப்புச் சான்றிதழில் பிழையாக எழுதிய பெயர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுக் கதை தொடங்கினால் அது மீம் தொகுப்பு. படம் ஆகாது.

முதல் முயற்சி 8 முதல் 12 நிமிடம் போதும். ஒரு நிமிட முடிந்த படத்துக்கு எழுத்து, பதிவு, ஒலிக்கோவை எல்லாம் சேர்த்து நான்கைந்து மணி நேரமாவது போகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

ஒரு காட்சியை எடுத்துச் செய்து காட்டுங்களேன்.

முர்னாவ் எடுத்த 'நொஸ்ஃபெராட்டு' (1922). டிராகுலா நாவலுக்கு உரிமை வாங்காமல் எடுத்ததால் பிரதிகளை அழிக்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டு, தப்பிப் பிழைத்த படம். நமக்குப் பொருத்தமான முன்னோர்தான்.

ஓர்லோக் பிரபுவின் கோட்டையில் ஹட்டர் இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறான். பிரபு அவன் கொண்டுவந்த கடிதத்தை வாசிக்கிறார். மணி பன்னிரண்டு அடிக்கிறது. பாண் வெட்டும்போது ஹட்டரின் பெருவிரலில் வெட்டுப்படுகிறது. இரத்தத்தைக் கண்டதும் பிரபு எழுந்து வருகிறார்.

ஹட்டர் ஹட்டனில் ஒரு லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, வருகிறான். பெயரே பாதி வேலையை முடித்துத் தந்துவிட்டது. பிரபு, பங்களா ஒபிசில் கடுதாசி வாங்கும் பெரிய கணக்கப்பிள்ளை.

ஹட்டர்: "ஐயா, லயத்துக்குத் தகரம் கேட்டு எழுதின கடுதாசிங்க. மூணு மழைக்காலம் போயிருச்சு."
(நீண்ட மௌனம். தாள் சரசரப்பு.)
பிரபு: "தம்பி, இதுல தகரம்னு இல்லியே. தரகம்னு இருக்கு."
ஹட்டர்: "தகரந்தாங்க ஐயா. எழுதுறப்ப கை மாறிருச்சு."
பிரபு: "தரகம் நம்ம ஸ்டோர்ல இல்ல. கொழும்புல இருந்துதான் வரணும்."
(மணி.)
பிரபு: "பன்னெண்டு. ஒபிஸ் பூட்டியாச்சு."
ஹட்டர்: "ஸ்ஸ்... ஐயோ, ரத்தம்!"
பிரபு: "கடுதாசியில சிந்திறாத! பைல்ல போடணும்!"

இது ஏன் உட்காருகிறது என்று பாருங்கள். பிரபு தாளை முகத்துக்கு முன்னால் பிடித்திருக்கிறார், மேலே கண் மட்டும் தெரிகிறது. வாயே இல்லாத ஷொட். அங்கே எத்தனை வசனமும் போடலாம். ஆனால் முதல் மூன்று நொடி எதுவும் போடாதீர்கள். ஒபிசில் கடுதாசி நீட்டிவிட்டு நின்ற அனுபவம் உள்ளவருக்கு அந்த மௌனமே பாதிச் சிரிப்பு. ஹட்டரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். மெல்லுகிற வாய் எந்த வசனத்தையும் தாங்கும். கடைசியில் பிரபு பாய்ந்து வரும் அவசரம் இரத்தத்துக்காக எடுத்தது. நாம் அதைக் கோப்புக்காக ஆக்கிவிட்டோம். அந்த அசைவில் ஒரு ஃப்ரேமைக்கூட நாம் தொடவில்லை.

இடையில் வரும் எழுத்து அட்டைகளை வெட்டினால் படம் துள்ளும். துள்ளலை மறைக்க அந்த இடத்தில் கடிகார ஷொட்டையோ கடிதத்தின் நெருக்கக் காட்சியையோ வையுங்கள். கடிதத்தை நீங்களே எழுதிப் படமெடுக்கலாம். "தரகம்" என்ற சொல் கண்ணில் படும்படி எழுதி, ஜன்னல் வெளிச்சத்தில் போனில் எடுத்து, கறுப்பு–வெள்ளையாக்கி, 4:3 அளவுக்கு வெட்டி, கொஞ்சம் மங்கலாக்கி, சிறிது கிரெய்ன் (பழைய ஃபிலிமின் பொடிப் புள்ளிகள்) சேருங்கள். போனில் எடுத்த கூர்மையோடு விட்டால் பழைய படத்துக்குள் புதுச் சட்டை போட்டவன் நிற்பது போலத் துருத்தும்.

வாயசைவுக்குத் தமிழ் ஒட்டவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

எல்லா எழுத்தையும் ஒட்ட முயல்வதால்தான் அந்தத் தொல்லை. கண் பிடிப்பது மூன்றைத்தான்: உதடு மூடும் இடம், வாய் அகலத் திறக்கும் இடம், உதடு குவியும் இடம். மூடும் இடத்துக்கு ப, ம. கொஞ்சம் தொட்டும் தொடாமலும் என்றால் வ. அகலத் திறந்தால் ஆ, குவிந்தால் உ, ஊ, ஓ. மற்ற எழுத்துகளை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆங்கிலப் படத்தில் ஒருவர் "ப்ளீஸ், ஹெல்ப் மீ, டொம்" என்கிறார் என்று வையுங்கள். உதடு தொடக்கத்தில் மூடுகிறது, நடுவில் மூடுகிறது, கடைசியில் மூடுகிறது. நான்கு அசை. "எனக்கு உதவி செய்யுங்கள்" என்று எழுதினால் எந்த மூடலும் பொருந்தாது. "பேய் எப்ப வரும்?" என்று போடுங்கள். முதலில் ப, நடுவில் ப்ப, கடைசியில் ம். ஐந்து அசை, கொஞ்சம் விரைந்து சொன்னால் அளவாக உட்காரும். கெஞ்சுகிற முகத்தோடு பேய் எப்போது வரும் என்று கேட்பது ஒரிஜினலைவிட நன்றாகவே இருக்கும்.

எழுத்துத் தமிழில் வசனம் எழுதாதீர்கள். "செய்ய வேண்டியிருக்கிறது" என்பதற்கு வாய் இரண்டு நொடி ஆட வேண்டும், "செய்யணும்" என்றால் முக்கால் நொடி. நம் பேச்சே சுருக்கித் தந்திருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் ஜோக்கின் முடிச்சும் இயல்பாகவே கடைசியில் விழும். வாய் மூடிய பிறகும் சொல் மிச்சமிருந்தால், கேட்பவரின் முகத்துக்கு ஷொட் மாறும் இடத்துக்கு அந்தச் சொல்லைத் தள்ளுங்கள்.

ஒலி முந்தக்கூடாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுப்படி ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் உணர்வார்கள், 125 மில்லிநொடி பிந்தினால்தான் உணர்வார்கள். நொடிக்கு 24 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 42 மில்லிநொடி. அதாவது சந்தேகம் வந்தால் வசனத்தை ஒரு ஃப்ரேம் பின்னால் தள்ளுங்கள், முன்னால் இழுக்காதீர்கள்.

லயக் காம்பராவில் ஒலிப்பதிவு செய்ய முடியுமா?

முடியும். சத்தத்தின் நேரங்காலம் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் எதிரி தகரக் கூரை. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் பிற்பகலில் இடியோடு கொட்டும். மேற்குச் சரிவில் இருப்பவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரையைப் பதிவுக்கு ஒதுக்கினால் நல்லது. தகரத்தில் விழும் மழையை எந்த மென்பொருளும் ஒழுங்காக நீக்காது. அதன் சத்தம் மனிதக் குரல் இருக்கும் அதே அலைவரிசையில் பரவிக் கிடக்கும். நீக்கப்போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும்.

இரண்டாவது தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை. கொழுந்து வாட்டும் விசிறிகள் இரவு முழுக்க ஓடும். இது தாழ்ந்த, மாறாத இரைச்சல். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பாதி போய்விடும். மூன்றாவது கோயில் ஒலிபெருக்கி. திருவிழாக் காலத்தில் பதிவை மறந்துவிடுங்கள். பெரட்டு (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, காலை எட்டரையிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை லயத்தில் கிடைக்கிற அமைதி ஸ்டூடியோவுக்குச் சமம்.

அறையின் மூலையில் இரண்டு கயிறு கட்டி, மூன்று பக்கமும் கம்பளியை இரட்டையாகத் தொங்கவிடுங்கள். பின்னால் மெத்தையைச் சாத்துங்கள். சிமெந்துத் தரையில் ஒரு சாக்கு. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துப் பக்கம் சற்றுச் சாய்த்தால் ப, ப்ப எல்லாம் "டப்" என்று வெடிக்காது. ஒவ்வொரு பதிவிலும் யாரும் பேசாமல் 30 நொடி வெறும் அறைச் சத்தம் எடுத்து வையுங்கள். வசனங்களுக்கு இடையே ஒட்டுப்போட அது வேண்டும். "ம்ம்ம்" என்று மின்சார இரைச்சல் கேட்டால் லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

பதிவுக்கு முன் பால் தேத்தண்ணி வேண்டாம், வாயில் பிசுபிசுக்கும். பிளேன் டீ குடிக்கலாம். நுவரெலியாக் குளிரில் மைக்கைப் பையிலிருந்து எடுத்ததும் பாவிக்காமல் கால் மணி நேரம் அறையில் வைத்திருங்கள். மூடிவைக்கும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

ஒரு யூஎஸ்பி மைக் அல்லது வயர் உள்ள கொலர் மைக், காதை மூடுகிற ஹெட்போன் ஒன்று. ஒலிக்கு ஒடாசிட்டி போதும், காசில்லை. படத்தொகுப்புக்கு 16 ஜிபி ரெம்மும் நல்ல கிராஃபிக்ஸும் இருந்தால் டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு, இல்லாவிட்டால் கேடென்லைவ் அல்லது ஷொட்கட். போனிலேயே செய்யலாம்தான். ஆனால் பத்து நிமிடப் படத்தில் எழுபது எண்பது வசனத் துண்டுகளைச் சிறிய திரையில் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்துவதற்குப் பொறுமை வேண்டும்.

பதியும்போது மென்பொருளின் ஒலி அளவுகோலில் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். கத்தும் வசனத்துக்கு மைக்கை விட்டு ஒரு முழம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். உடைந்து பதிவான குரலைத் திருத்த வழியில்லை.

பழைய இசையை வைத்துக்கொண்டு குரலை மட்டும் நீக்கலாமா?

செயற்கை நுண்ணறிவில் குரலைப் பிரிக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பழைய மோனோ (எல்லாம் ஒரே தடத்தில் கலந்த) ஒலித்தடத்தில் அவை குரலோடு இசையின் ஒரு பகுதியையும் தின்றுவிடும், மிச்சத்தில் ஆவி பேசுவது போல எச்சம் நிற்கும். முழு ஒலியையும் தூக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். கஷ்டம் போலத் தெரியும், ஆனால் படம் நம்பும்படியாவது இதனால்தான்.

நான்கு அடுக்கு போதும். அடியில் இடத்தின் சத்தம்: வெளிக்காட்சிக்குக் காற்று, பூச்சி. உள்காட்சிக்கு வெறும் அறை. அதன் மேல் அசைவின் சத்தம்: காலடி, கதவு, தாள், கோப்பை. இவற்றைப் படத்தைப் பார்த்துக்கொண்டே நீங்களே செய்யலாம். கோட்டையின் கல் படிக்கு ஆற்றங்கரைப் பலகைக் கல்லில் சப்பாத்தோடு நடந்தால் சரி. அடுத்து வசனம். மேலே இசை. இடத்தின் சத்தம் வசனத்தைவிட 20 டெசிபல் குறைவாக இருக்கட்டும். இசைக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம். ஊரில் தப்பு, உறுமி அடிப்பவர்களிடம் கேட்டு, அவர்களுக்குரியதைக் கொடுத்து, இருபது நிமிடம் பதிந்தால் மூன்று படத்துக்கு வரும். திரான்சில்வேனியாக் கோட்டைக்குத் தப்புச் சத்தம் எப்படிப் பொருந்துகிறது என்பதைக் கேட்டால்தான் நம்புவீர்கள்.

புதுக் குரல் பழைய படத்தில் ஒட்ட, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி, மோனோவாக்குங்கள். கோட்டை அறைக்குச் சிறிது எதிரொலி, வெளிக்காட்சிக்கு எதிரொலியே கூடாது. எல்லாக் காட்சிக்கும் ஒரே எதிரொலியைப் போடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

முதல் வசனம் சரியாக இருக்கிறது, போகப்போக ஒலி விலகுகிறது. ஏன்?

ஃப்ரேம் கணக்குத்தான். படம் நொடிக்கு 23.976 ஃப்ரேமில் இருக்க, புரொஜெக்ட் 24இல் திறந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி விலகும். பத்து நிமிடத்திலேயே 14 ஃப்ரேம். 24 ஃப்ரேம் படத்தைத் தொலைக்காட்சிப் பிரதிக்காக 25இல் ஓட்டியிருந்தால் பத்து நிமிடம் 9 நிமிடம் 36 நொடியாகிவிடும். போனில் திரையைப் பதிந்து எடுத்த படம் என்றால் இன்னும் மோசம், ஃப்ரேம் வேகம் நிலையாக இராது, விலகல் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். வேலை தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டு, ஃப்ரேம் வேகத்தை மாறாதது என்று தெரிவுசெய்து புதுப் பிரதி எடுங்கள். ஒலி முழுக்க 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

வெட்டி ஒட்டுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு முகத்துக்குத் தனியாக அர்த்தம் இல்லை, அடுத்து வரும் ஷொட்தான் அர்த்தம் தரும். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரே முகத்தைச் சூப், சவப்பெட்டி என்று மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டிய பாடம் அது. ஆகவே முதலில் படம் முழுவதிலுமிருந்து பேசாத முகங்களை ஒரு தொகுப்பாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கும் முகம் இருபது கிடைத்தால் கதையை எந்தப் பக்கமும் திருப்பலாம்.

ஷொட்டை இடவலமாகத் திருப்பினால் சட்டைப் பொத்தானும் பெயர்ப்பலகையும் காட்டிக்கொடுக்கும். முன் ஷொட்டில் இருந்த தொப்பி அடுத்ததில் காணாமல் போனால் கவலைப்படாதீர்கள். யாரையாவது "தொப்பி எங்க?" என்று கேட்க வையுங்கள்.

எத்தனை பேர் குரல் வேண்டும்?

மூன்று ஆண், இரண்டு பெண் போதும். ஒருவர் இரண்டு பாத்திரம் செய்யலாம், ஆனால் அந்த இரண்டும் ஒரே காட்சியில் வரக்கூடாது. மென்பொருளில் சுருதியை இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் மாற்றினால் அணில் பேசுவது போலாகும். பெண் பாத்திரங்களுக்கு ஆண்கள் குரலை ஒடித்துப் பேசுவது பழைய பகிடி, முதல் நிமிடத்திலேயே அலுத்துவிடும்.

மலையகத் தமிழை வைத்தால் நம்மை நாமே கேலி செய்வதாகாதா?

யார் வாயில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அறிவுள்ளவன் செந்தமிழும் முட்டாள் தோட்டத்துப் பேச்சும் பேசினால் அது ஊர் ஊராகச் செய்து முடித்த அவமதிப்பு. பிரபுவும் பேயும் பொலிஸ்காரனும் விஞ்ஞானியும் எல்லாருமே நம் பேச்சைப் பேசட்டும். அப்போது பேச்சு சிரிப்புக்குரிய பொருளாக இராது, அந்த உலகத்தின் மொழியாகிவிடும். சாதிப் பெயர், இன்னொரு இனத்தின் உச்சரிப்பு, ஊரில் இருக்கும் இன்னார் என்று அடையாளம் தெரியும் ஆள், இந்த மூன்றையும் தொடாதீர்கள். நடிகர் ஒருவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவில் நகலெடுப்பதும் வேண்டாம். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்க, அந்தக் குரலுக்கு நம் ஊரின் "போயிருச்சு" வரவே வராது.

யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்தால்?

கோரிக்கையும் ஸ்ட்ரைக்கும் வேறு. யூடியூப் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் கன்டென்ட் ஐடி மூலம் வரும் கோரிக்கையில் வருமானம் மற்றவருக்குப் போகலாம், அல்லது வீடியோ சில நாடுகளில் மறைக்கப்படலாம். ஸ்ட்ரைக் என்பது வீடியோவை நீக்கச் சொல்லி வருவது. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சனலே போய்விடும். பொதுச்சொத்துப் படத்துக்கு வரும் கோரிக்கைகள் பெரும்பாலும் இசையால் வருகின்றன. ஒலியை முழுக்க நீங்களே கட்டியிருந்தால் மறுத்து எழுதலாம். படத்தின் பெயர், ஆண்டு, எந்தப் பிரதியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். ஒலியை மொத்தமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவு) அளவில் வெளியிடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் யூடியூபே குறைத்துவிடும்.

தோட்டத்து மண்டபத்தில் போட்டுக் காட்டலாமா?

பொதுமக்களுக்குத் திரையிடும் படத்துக்குப் பொது அரங்காற்றுகைச் சபையின் சான்றிதழ் வேண்டும் என்பது இலங்கை விதி. மண்டபத்துக்கான அனுமதியையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தகரம் என்றால் தகரம் என்று சரியாக எழுதி.

பத்தடி அகலத் திரைக்கு 3,000 லூமன் புரொஜெக்டர், இருட்டிய பிறகு போதும். ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். பின்சுவரில் வைத்தால் வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாக இருக்கும். புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஒலியை 150, 200 மில்லிநொடி பிந்தித் தரும். வாரக்கணக்கில் ஃப்ரேம் ஃப்ரேமாக ஒட்டியது எல்லாம் ஒரே இரவில் விலகிப் போகும். வயர் போடுங்கள். சோதனை ஓட்டத்தில் கதவை அறையும் காட்சி ஒன்றை ஓட்டி, கண்ணும் காதும் ஒன்றாகச் சேர்கிறதா என்று மண்டபத்தின் நடு வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஆட்கள் நிறைந்ததும் ஒலி அமுங்கும், அதனால் வெறும் மண்டபத்தில் கொஞ்சம் அதிகமாகத் தோன்றும் அளவில் விட்டுவிட்டுப் போங்கள்.